ஹோஸ் வெடித்ததா? பழையதைத் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள்

என் கடை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். இந்த நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, நட்டது 1917இல். அன்றைக்குக் குலையைச் சுமக்க மாடும் மனிதத் தோளும் போதும். இன்றைக்கு ஒரு குலை மரத்தடியிலிருந்து எண்ணெய்த் தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ ஹோஸ்களை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த ஹோஸ்களை வெட்டி, முனை கிரிம்ப் செய்து, அதாவது உலோக உறையை நசுக்கி முனையை இறுக்கி, கொடுப்பது என் தொழில். அதற்கு முன் செம்பனை ஆலைகளிலும், கெடாவில் ஒரு ரப்பர் பால் ஆலையிலும் ஃபிட்டராக இருந்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தோடு வருகிறார்கள்: “அண்ணே, இதே மாதிரி ஒன்று போட்டுக் கொடுங்கள்.” இதே மாதிரி போட்டுக் கொடுத்தால் இதே மாதிரி வெடிக்கும். எனக்கு வியாபாரம்தான். ஆனால் வாரக் கடைசியில் ஆலை நின்றுபோய், நடு இரவில் கடைக் கதவைத் தட்டுகிறபோது என் தூக்கமும் போகிறது. செத்த ஹோஸை அறுத்துப் பார்த்தால் எதனால் செத்தது என்று அதுவே சொல்லும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிழை எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது.

தொடும் முன்

இயந்திரத்தை நிறுத்துங்கள். தூக்கி நிற்கும் சுமையைத் தரையில் இறக்குங்கள். பிறகு லீவரை எல்லாப் பக்கமும் ஆட்டி, உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் கலம் இருக்கும் அமைப்பு என்றால், பம்ப் நின்ற பிறகும் அதற்குள் அழுத்தம் உயிரோடு இருக்கும். அதையும் வடிக்க வேண்டும். நீராவிக் குழாய் என்றால் வால்வை மூடுவதோடு நிறுத்தாமல், உள்ளே தேங்கிய வெந்நீரையும் திறந்து விட்டுவிடுங்கள்.

ஹோஸில் ஊசித் துளை இருக்கும் என்று சந்தேகம் வந்தால் விரலால் தடவித் தேடாதீர்கள். ஓர் அட்டைப் பெட்டித் துண்டைப் பிடித்து நகர்த்துங்கள். எண்ணெய் படும் இடத்தில் அட்டை நனையும். உயர் அழுத்த எண்ணெய் கையுறையையும் தோலையும் ஒருசேரத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. பலர் அதில்தான் ஏமாந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரவுக்குள் கை வீங்கிவிடும், தசை அழியத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் ‘சின்னக் காயம்’ என்று சொல்லாமல், ‘ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டது’ என்று சொல்லி அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். அது அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய காயம்.

ஹோஸ் நடு உடலில் வெடித்திருக்கிறது

வெடித்த இடத்துக்கு இரு பக்கமும் ஒரு சாண் விட்டு அறுத்தெடுங்கள். கத்தியால் மேல் ரப்பரை நீளவாக்கில் கீறி உரியுங்கள். உள்ளே கம்பிப் பின்னல் தெரியும். இனி அந்தக் கம்பியைத்தான் படிக்க வேண்டும்.

மேல் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்து, அதற்கு அடியில் கம்பி துருவேறியிருந்தால், அது எங்கோ எதன் மீதோ உராய்ந்துகொண்டிருந்திருக்கிறது. ரப்பர் கிழிந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், ஒரு நாள் தாங்காமல் போகும். இதற்கு விலை உயர்ந்த ஹோஸ் வாங்குவது வீண். போகும் பாதையை மாற்றுங்கள், கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். உராய்வைத் தவிர்க்கவே முடியாத இடமென்றால் பிளாஸ்டிக் சுருள் உறையைச் சுற்றுங்கள்.

கம்பிகள் ஓரிடத்தில் மட்டும் அறாமல் நீளம் முழுக்க அங்கங்கே அறுந்து கிடந்தால் காரணம் அழுத்த அதிர்ச்சி. மீட்டரில் 180 பார் என்று சாதுவாக நிற்கும். ஆனால் வால்வு சட்டென்று மூடும் ஒவ்வொரு முறையும் மீட்டரின் முள் காட்டாத வேகத்தில் ஓர் அடி விழுந்துகொண்டே இருக்கும். முதலில், அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் நிவாரண வால்வு எவ்வளவில் திறக்கிறது என்று பாருங்கள்; யாரோ ஒரு புண்ணியவான் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று திருகை இறுக்கி வைத்திருப்பான். அது சரியாக இருந்தால், பின்னல் கம்பியை விட்டு நான்கு அடுக்குச் சுருள் கம்பி ஹோஸுக்கு மாறுங்கள். தொடர்ந்து அடிவாங்கும் இடத்தில் சுருள் கம்பிதான் நீண்ட நாள் நிற்கும்.

வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு துளை, சுற்றிலும் கம்பி நன்றாக இருக்கிறது என்றால் ஹோஸ் அளவுக்கு மீறி வளைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கம்பிப் பின்னல் கொண்ட 2எஸ்என் வகையில் அரை இஞ்சு ஹோஸை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உள்ளே வளைக்கக் கூடாது; முக்கால் இஞ்சு என்றால் 240. இடம் போதவில்லையா, ஹோஸை மடக்காமல் 45 அல்லது 90 டிகிரி முனை போடுங்கள்.

முறுக்கு விழுந்த ஹோஸைக் கண்டுபிடிக்க அறுக்கவே வேண்டாம். ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட வரி ஒன்று ஓடும். அது முனையிலிருந்து முனைவரை நேராகப் போக வேண்டும். கொடி மரத்தைச் சுற்றுவது போல அந்த வரி ஹோஸைச் சுற்றிக்கொண்டு போனால், நட்டை இறுக்கும்போது ஹோஸையும் சேர்த்துத் திருகியிருக்கிறார்கள். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று திருக, இன்னொன்று ஹோஸ் முனையைப் பிடித்துக்கொள்ள. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒரே ஸ்பேனரோடு போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த அச்சு வரியைப் படிக்கவும் பழகுங்கள். கடையில் ஒரு கம்பிப் பின்னல் கொண்ட 1எஸ்என், இரண்டு பின்னல் 2எஸ்என் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கறுப்பாக, ஒரே உள்விட்டத்தோடு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அரை இஞ்சு 1எஸ்என் தாங்கும் வேலை அழுத்தம் 160 பார், 2எஸ்என் தாங்குவது 275 பார், நான்கு சுருள் கம்பி 4எஸ்பி தாங்குவது 415 பார். ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிராணி விலைப் பட்டியலைப் பார்த்து மலிவானதை வாங்கி வைத்திருந்தார். விட்டம் சரி, மரை சரி, பொருத்தினால் உட்காரவும் உட்கார்ந்தது. 210 பார் ஓடும் தூக்கு டிரெய்லரில் அது ஒரு வாரம் உழைத்ததே பெரிய விஷயம். வெடிப்பு அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு என்பது உண்மைதான். அந்த நான்கு மடங்கு அதிர்ச்சிக்கும் முதுமைக்கும் வைத்த சேமிப்பு. அன்றாடச் செலவுக்கு அதில் கை வைக்க முடியாது.

முனைக்குப் பக்கத்தில் கசிகிறது, அல்லது முனையே கழன்று வந்துவிட்டது

சென்ற ஆண்டு குலை தூக்கும் கிராபர் பொருத்திய டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவர் ஐந்து வாரத்தில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே எட்டில் மூன்று இஞ்சு (3/8) ஹோஸ், அதே முனையில் கிழிசல். முதல் இரண்டு தடவை நானும் சோம்பல்பட்டு அதே நீளத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது தடவை மோட்டார் சைக்கிளில் அவர் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனேன்.

“தம்பி, கையை முழுக்க நீட்டுங்கள்” என்றேன். கிராபர் கை மெதுவாக நீண்டது. நடுவில் தொய்ந்து கிடந்த ஹோஸ் இழுபட்டு விறைத்தது. கடைசி ஒரு முழத்தில், கிரிம்ப் செய்த உறையின் வாய் விளிம்பில் ஹோஸ் மடங்கி, ரப்பர் வெளிறியது. அவர் இயக்கும் இருக்கையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

அழுத்தம் ஏறும்போது ஹோஸ் தன் நீளத்தில் 4 விழுக்காடு வரை சுருங்கும், 2 விழுக்காடு வரை நீளவும் செய்யும். ஒரு மீட்டர் ஹோஸ் என்றால் நான்கு சென்டிமீட்டர் காணாமல் போகும். பாதையை அளந்து அச்சாக வெட்டினால், அழுத்தம் ஏறிய உடனே அது தன் முனையைத் தானே பிடுங்கப் பார்க்கும். உறையிலிருந்து வெளிவரும் இடத்தில் ஹோஸின் வெளிவிட்டத்தைப் போல இரண்டு மடங்காவது நேராகப் போன பிறகுதான் வளைவு தொடங்க வேண்டும். அந்த டிராக்டருக்கு நான்கு விரல் நீளம் கூட்டி, ஒரு பக்கம் 45 டிகிரி முனை போட்டேன். ஹோஸின் தரம், அளவு எதையும் மாற்றவில்லை. அவர் இப்போதும் கடைக்கு வருகிறார், ஃபில்டர் வாங்க.

முனையே கழன்று வந்தால் கதை வேறு. பிடுங்கி வந்த முனையின் தண்டைப் பாருங்கள். ஹோஸ் அடிவரை செருகப்படவில்லை என்றால் தண்டின் மேல்பாதி புத்தம் புதிதாக இருக்கும். முழுக்கச் செருகியும் கழன்றிருந்தால் கிரிம்ப் அளவு தவறு. உறையின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, அந்த ஹோஸுக்கும் அந்த முனைக்கும் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஹோஸ், இன்னொரு நிறுவனத்தின் தண்டு, மூன்றாவதின் உறை என்று சேர்த்துக் கட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்தச் சேர்க்கைக்கு யாரும் அளவு போட்டுத் தருவதில்லை. மேல் ரப்பரைச் சீவிவிட்டுப் போட வேண்டிய உறையைச் சீவாமல் போடுவதும் இதே இனத்துத் தவறுதான். பழைய முனையை உறை வெட்டி எடுத்து மறுபடி போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

ஹோஸ் கடினமாகி வெடிப்பு விட்டிருக்கிறது, அல்லது கொழகொழத்து வீங்கியிருக்கிறது

இரண்டும் எதிரெதிர் நோய்கள். மடக்கிப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்டால், உள்ரப்பர் வெந்துபோயிருக்கிறது. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸின் எல்லை 100 டிகிரி செல்சியஸ். எண்ணெய் அவ்வளவு சூடாக இல்லை என்று நீங்கள் சொல்லலாம். கொதிகலன் பக்கத்துச் சூடான குழாயை ஒட்டி அந்த ஹோஸ் போகிறதா என்று பாருங்கள். வெளிச்சூடும் சூடுதான்.

உள்ரப்பர் வீங்கி, விரலால் அழுத்தினால் குழைந்தால், அந்தத் திரவத்துக்கும் அந்த ரப்பருக்கும் ஆகாது. கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர். நீராவிக்கும் வெந்நீருக்கும் இ.பி.டி.எம். ரப்பர். இந்த இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டும் கெடும்: இ.பி.டி.எம். எண்ணெயில் ஊறினால் பஞ்சாகிவிடும், நைட்ரைல் நீராவியில் கட்டியாகி உடையும். விட்டான் ரப்பர் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று விற்பவர்கள் உண்டு. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அது நல்லதுதான். நீராவிக்கும் அம்மோனியாவுக்கும் அதன் வழக்கமான வகைகள் ஏற்றவையல்ல.

நீராவி ஹோஸ் பற்றித் தனியாக ஒரு சொல். குலை அவிக்கும் கலத்தில் 3 பார் அழுத்தம் என்றால் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 143 டிகிரி. அழுத்தம் குறைவுதானே என்று காற்று ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ராலிக் ஹோஸுக்கு வெடிப்பு அழுத்தம் நான்கு மடங்கு போதும் என்ற இடத்தில், நீராவி ஹோஸுக்குப் பத்து மடங்கு கேட்கிறார்கள். சும்மா கேட்கவில்லை. நீராவி ஹோஸிலிருந்து கறுப்புப் பொடியும் சோளப்பொரி மாதிரித் துணுக்குகளும் வந்தால், உள்ரப்பருக்குள் ஊறிய தண்ணீர் அடுத்த நாள் நீராவி பட்டதும் உள்ளேயே பொரிந்திருக்கிறது. வேலை முடிந்ததும் ஹோஸைத் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்திருந்தால் வந்திராத வினை அது. அந்த ஹோஸைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எறிய வேண்டும். முழுதாக எறிந்தால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள்.

இறுக்க இறுக்க மரையில் கசிகிறது

இறுக்குவதை நிறுத்துங்கள். மரை பொருந்தவில்லை.

நம் நாட்டு ஆலைகள் ஒரு வகையில் அருங்காட்சியகங்கள். பழைய பிரிட்டிஷ் பம்பில் பி.எஸ்.பி. மரை, அமெரிக்க இயந்திரத்தில் ஜே.ஐ.சி. அல்லது என்.பி.டி., ஜப்பான் இயந்திரத்தில் ஜே.ஐ.எஸ்., ஐரோப்பிய பம்பில் மெட்ரிக். நாலும் ஒரே கொட்டகைக்குள் இருக்கும், நாலுக்கும் ஒரே டப்பாவில் உதிரி முனைகள் கிடக்கும்.

மிக மோசமான பொறி அரை இஞ்சும் முக்கால் இஞ்சும். பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டிலும் இந்த இரு அளவுகளுக்கு இஞ்சுக்கு 14 மரை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று இனிமையாகப் போகும். ஆனால் பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.யின் கோணம் 60. டேப்பைச் சுற்றி வலுவாக இறுக்கினால் அன்றைக்கு நிற்கும். சூடேறி, அதிர்ந்து, நாலாம் நாள் கசியும். கால் இஞ்சில் இந்த ஏமாற்று நடக்காது, அங்கே பி.எஸ்.பி.க்கு 19, என்.பி.டி.க்கு 18 என்று மரையே முட்டிக்கொள்ளும். மரை அளவுத் தகடு ஒன்று சில வெள்ளி (ரிங்கிட்)தான். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும்.

இரண்டாவது பொறி ஜப்பான் இயந்திரம். அதன் இணைமரை (கூம்பாகக் குறுகாத நேரான மரை) பி.எஸ்.பி.யோடு அச்சு அசலாக ஒன்றுதான். நட்டு கடைசி வரை சுகமாக ஏறும். இரண்டிலும் இருக்கையின், அதாவது உலோகத்தோடு உலோகம் சேர்ந்து கசிவை அடைக்கும் முகத்தின், கோணமும் 30 டிகிரிதான். ஆனால் ஒன்றில் குழிந்திருப்பது மற்றதில் குவிந்திருக்கும். உலோகத்தோடு உலோகம் உட்காராது, விளிம்பில் மட்டும் ஒரு கோடாகத் தொடும். முனையைக் கழற்றி இருக்கை மீது தெரியும் தடத்தைப் பாருங்கள். நல்ல இருக்கையில் முழு வளையமாக ஒரு பட்டை பளபளக்கும். மயிரிழைக் கோடு மட்டும் இருந்தால் முனை மாறிவிட்டது.

கூம்பு இருக்கையிலும் ஓ-ரிங் இருக்கும் முனையிலும் டேப் சுற்றுவது பயனற்றது. அங்கே மரை கசிவை அடைப்பதில்லை, பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அறுந்த டேப் துணுக்கு உள்ளே போய் வால்வில் சிக்கினால், கசிவுக்குப் போய்க் கைவைத்து வேறொரு நோயை வாங்கிக்கொள்வீர்கள்.

பம்ப் கூழாங்கல் அரைக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறது

பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் தொட்டியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். நுரை தளும்பினால் காற்று உள்ளே போகிறது. உறிஞ்சும் பக்கத்து இணைப்பு ஒவ்வொன்றின் மீதும் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. எண்ணெய் வெளியே கசியாது என்பதால் உறிஞ்சும் பக்கத்து ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

நுரை இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை. வடிகட்டி அடைத்திருக்கலாம், ஹோஸ் ஒடுங்கியிருக்கலாம். உறிஞ்சும் பக்கத்துக்கு எஸ்.ஏ.இ. 100ஆர்4 போல உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் வேண்டும். சாதாரண ஹோஸ் வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும். உள்ளே இழுக்கும் வெற்றிடத்துக்குச் சப்பிப்போகும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, எண்ணெய் சூடேறிய பிறகு மட்டும் சத்தம் வந்தால், ஓடும்போது ஹோஸைப் பாருங்கள்; நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். வெளியே எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் போகாவிட்டால் ஹோஸைக் கழற்றி உள்ளே விளக்கு அடித்துப் பாருங்கள். உள்ரப்பர் கழன்று நாக்கு மாதிரித் தொங்கிப் பாதையை மறைப்பதும் உண்டு.

வேலை மெதுவாக நடக்கிறது, எண்ணெய் சூடேறுகிறது

இது பெரும்பாலும் வாங்கிய அளவில் இருக்கும் பிழை. கணக்கு எளிது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதை 21.2ஆல் பெருக்கி, ஹோஸின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி அதனால் வகுங்கள். கிடைப்பது நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பது. அழுத்தப் பக்கத்தில் 6 மீட்டருக்குள், திரும்பும் பக்கத்தில் 3 மீட்டரை ஒட்டி, உறிஞ்சும் பக்கத்தில் 1.2 மீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

60 லிட்டர் பம்பில் அரை இஞ்சு ஹோஸ் போட்டால் வேகம் 7.9 வருகிறது. முக்கால் இஞ்சு போட்டால் 3.5. அதே பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு ஒரு இஞ்சு போதாது, ஒன்றரை இஞ்சு போட்டால்தான் 0.9க்கு இறங்கும். பம்பின் வாய் ஒரு இஞ்சுதானே என்று கேட்பார்கள். வாய் சிறியதாக இருக்கலாம். தொண்டை நெடுகச் சிறியதாக இருந்தால் மூச்சுத் திணறும்.

விரைவு இணைப்பி சேரவில்லை, அல்லது சிலிண்டர் ஒரு பக்கம் மட்டும் போகிறது

மத்தியான வெயிலில் நின்ற டிரெய்லரின் இணைப்பி சேரவே சேராது. உள்ளே அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து வால்வைத் தள்ளிக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள், உள்ளே இருக்கும் குமிழ் வளைந்துவிடும். டிராக்டர் பக்கம் என்றால் எஞ்சினை நிறுத்தி லீவரை ஆட்டினால் போதும். டிரெய்லர் பக்கம் என்றால் நிழலில் ஆறவிடுங்கள், அல்லது மறுமுனையில் ஒரு நட்டைத் துணி சுற்றி மெல்லத் தளர்த்துங்கள்.

சேர்ந்த பிறகு சிலிண்டர் நீள்கிறது, சுருங்க மறுக்கிறது என்றால் இரண்டு இணைப்பிகளில் ஒன்று முழுதாக உட்காரவில்லை. திரும்பி வரும் எண்ணெய்க்கு வழி இல்லை. கழற்றித் துடைத்து, மறுபடி ‘க்ளிக்’ கேட்கும்வரை தள்ளுங்கள். ஆண் பக்கம் ஒரு வகை, பெண் பக்கம் வேறு வகை என்றால் பூட்டிக்கொள்ளும், ஆனால் வால்வு பாதிதான் திறக்கும்.

காம்லாக் கசிகிறது, பிளக்கிறது

காம்லாக் என்பது பக்கக் கைப்பிடிகளை மடக்கிப் பூட்டும் ஹோஸ் இணைப்பி. கசிவுக்குப் பத்து காசு கேஸ்கட்தான் காரணம் என்றால் மாற்றிவிட்டுப் போய்விடலாம். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் மடங்கினால் ஆண் பக்கத்துப் பள்ளம் தேய்ந்திருக்கிறது, கேஸ்கட் மாற்றிப் பயனில்லை. நீராவிக்கு இதைப் போட வேண்டாம். உள்ளே கேஸ்கட் வெந்து இளகும், கைப்பிடி அதிர்ந்து திறக்கும், ஹோஸ் பாம்பாகச் சீறும்.

பிளப்புக்கு வருவோம். ரப்பர் பால் ஆலையில் பித்தளைக் காம்லாக் ஒன்று ஒரு நாள் காலை இரண்டாகக் கிடந்தது. துரு இல்லை, அடி விழுந்த தடம் இல்லை. கத்தியால் கீறியது போல நேரான பிளவு. யாரோ லோரியை ஏற்றிவிட்டார்கள் என்று மேற்பார்வையாளர் கூட்டம் போட்டுத் திட்டினார். குற்றவாளி அம்மோனியா. ரப்பர் பால் கெடாமலிருக்க 0.7 விழுக்காடு வரை அம்மோனியா சேர்ப்பார்கள். இறுக்கத்தில் நிற்கும் பித்தளையை அம்மோனியா உள்ளுக்குள் பிளந்துவிடும். போதாததற்கு, செம்பு கலந்த ரப்பர் சீக்கிரம் மக்கிப்போகும். அங்கே துருவேறா எஃகு அல்லது பாலிப்ரோப்பிலின் தவிர வேறெதுவும் வேண்டாம்.

செம்பனை எண்ணெய்க்கும் பித்தளை ஆகாது. அங்கே இணைப்பி உடையாது. செம்பு பட்ட எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். எண்ணெய் ஏற்றும் ஹோஸுக்கு உணவுத் தரமான உள்ரப்பர் கேளுங்கள். காலையில் ஹோஸ் கட்டையாகிக் கிடக்கிறது, எண்ணெய் ஓடவில்லை என்றால் அது பழுதல்ல. ஏற்றும்போது 50 முதல் 55 டிகிரியில் இருந்த எண்ணெய் இரவில் உறைந்திருக்கிறது. இரு முனையும் மூடியபடி நீராவியைச் செலுத்தி உருக்கப் பார்க்காதீர்கள். விரிய இடமில்லாமல் ஹோஸ் வெடிக்கும். ஒரு முனையைத் திறந்து வைத்து, வெளியிலிருந்து வெந்நீர் ஊற்றி, திறந்த முனையிலிருந்து தொடங்கி உருக்கிக்கொண்டு வாருங்கள்.

அடுக்கு வால்வில் கசிவு, சிலிண்டர் நடுங்குகிறது

ஆலையில் பழம் பிழியும் இயந்திரத்தின் கூம்பை இயக்கும் பவர் யூனிட்டிலும், குலைக் கதவுகளின் யூனிட்டிலும் இப்போது சிறு வால்வுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நான்கு போல்ட்டால் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 4401 முறையின் 6ஆம் அளவு. குழாய் குறைவு, இடமும் மிச்சம். ஆனால் அடுக்கு ஒன்றைக் கூட்டினால் போல்ட்டும் நீள வேண்டும். கடையில் கிடைத்த மரைக் கம்பியை வெட்டிப் போட்டால் அழுத்தத்தில் அது நீண்டுவிடும், இடுக்கில் எண்ணெய் வியர்க்கும். 10.9 தரத்துக்குக் குறையாத எம்5 போல்ட் வாங்கி, குறுக்கு வரிசையில், ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிரித்து மாட்டும்போது ஓ-ரிங் ஒன்று கிரீஸில் ஒட்டிக்கொண்டு பழைய பலகையிலேயே நின்றுவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். நான் ஒருமுறை எண்ணாமல் மாட்டி, முகமெல்லாம் எண்ணெயோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

சுமையை இறக்கும்போது சிலிண்டர் தடதடத்து நடுங்கினால் அடுக்கின் வரிசையைப் பாருங்கள். பைலட்டால் (எதிர்ப் பக்கக் குழாயிலிருந்து வரும் அழுத்தத்தால்) திறக்கும் தடை வால்வும், வெளியேறும் எண்ணெயைக் குறைக்கும் வேக வால்வும் ஒரே அடுக்கில் இருந்தால், வேக வால்வு சிலிண்டர் பக்கத்தில், அதாவது அடியில் இருக்க வேண்டும். தடை வால்வு அதன் மேல், திசை வால்வை ஒட்டி. தலைகீழாக வைத்தால் இரண்டுக்கும் நடுவே தேங்கும் அழுத்தம் தடை வால்வை மூடத் தள்ளும், பைலட் திறக்கத் தள்ளும். அந்த இழுபறிதான் நடுக்கம். தடை வால்வு மூடவே மறுத்துச் சுமை இறங்கிக்கொண்டே இருந்தால், நடு நிலையில், சிலிண்டருக்குப் போகும் ஏ, பி வழிகள் இரண்டையும் தொட்டிக்குத் திறக்கும் திசை வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் அடைக்கும் வகை இருந்தால் பைலட் அழுத்தம் வடிய வழியில்லை. வேக வால்வுப் பலகை சில வகைகளில் புரட்டிப் போட்டால் உள்ளே வரும் எண்ணெயைக் குறைப்பதாக மாறிவிடும். கழற்றும் முன் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சாய்கோடு இழுத்துவிடுங்கள். திரும்ப அடுக்கும்போது கோடு நேராகச் சேர்ந்தால் வரிசை சரி.

கடைக்கு வரும்போது

பழைய ஹோஸ், இரு முனைகளோடு. மீட்டர் காட்டும் அழுத்தம். உள்ளே ஓடும் திரவம், அதன் சூடு. இயந்திரத்தின் எந்த இடத்தில் மாட்டியிருந்தது என்று கைப்பேசியில் இரண்டு படம்: ஒன்று சிலிண்டர் சுருங்கிய நிலையில், ஒன்று முழுக்க நீண்ட நிலையில். நீளத்தை முனை முதல் முனை வரை அளந்திருக்கிறீர்களா, ஹோஸை மட்டும் அளந்தீர்களா என்றும் சொல்லுங்கள். இரு பக்கமும் வளைந்த முனை என்றால், ஒன்று மேல் நோக்கும்போது மற்றது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

என் கடையிலாகட்டும் வேறு கடையிலாகட்டும், பணம் கொடுக்கும் முன் ஹோஸின் மேல் அச்சிட்ட வரியில் தயாரித்த காலத்தையும் பார்த்துவிடுங்கள். காலாண்டும் ஆண்டும் போட்டிருக்கும். முனை போட்ட ஹோஸுக்கு, அலமாரியில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு இருந்ததையும் சேர்த்து, ஆறு ஆண்டுதான் ஆயுள் என்பது ஜெர்மனியின் டிஐஎன் 20066 தரம் வைத்த கணக்கு. வெயில் படும் வாசலில் தொங்கவிட்ட சுருள் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்காதீர்கள். என் வாசலில் தொங்குவது விளம்பரத்துக்கு. விற்பது உள்ளறையில் இருப்பதை.